குழந்தைகள் கையாண்டதால் ஏற்பட்ட பழுது

மாரிக்கனிக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். ஸ்ரீவில்லிபுத்தூர் உரக்கடையில் அவளோடு வேலை பார்ப்பவர்கள் இதை நன்றாக அறிவார்கள். சத்தம் போடுகிறவரை பயமில்லை, மெல்லப் பேச ஆரம்பித்துவிட்டால் கொஞ்சம் தள்ளி நின்றுகொள்ள வேண்டும் என்பார்கள். போன ஆடி மாதம் முழுவதும் அவள் மெல்லத்தான் பேசிக்கொண்டிருந்தாள்.

புதிதாக வாங்கிய டிவியில் படம் நிலைத்து நிற்கவில்லை. அதுகூடப் பெரிதில்லை, வாங்கின சாமான் கெட்டுப்போவது எந்த வீட்டிலும் நடப்பதுதான். என்ன கோளாறு என்று அவள் சொன்னதைக் கடைக்காரர் முதல் மெக்கானிக் வரை ஒருவர்கூடக் காதில் வாங்கவில்லை. அதோடு விட்டார்களா? அவள் வீட்டில் இல்லாத ஒரு குழந்தையின் தலையில் பழியைத் தூக்கிப் போட்டார்கள். அதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

மாரிக்கனி கான்சாபுரத்தில் பிறந்தவள். அப்பாவுக்குக் கொஞ்சம் வயலும் ஒரு தென்னந்தோப்பும் இருந்தன. ப்ளஸ் டூ முடித்துச் சில வருஷத்தில், தேவதானத்து விஜயபாண்டிக்குக் கட்டிக் கொடுத்தார்கள். அவர் ராணுவத்தில் டிரைவர். குவார்ட்டர்ஸ் கிடைத்ததும் பெட்டியைக் கட்டிக்கொண்டு அவரோடு வடக்கே போனாள். பதான்கோட், தேஸ்பூர், ஜபல்பூர் என்று ஊர் ஊராக மாறினார்கள்.

ஜபல்பூரில் பக்கத்துக் குவார்ட்டர்ஸில் ஹர்ப்ரீத் என்று ஒரு பஞ்சாபிப் பெண் இருந்தாள். அவள் வீட்டில்தான் மாரிக்கனி முதன்முதலாக அந்தப் பெட்டியைப் பார்த்தாள். டிவியோடு இணைத்து, கையில் ஒரு கண்ட்ரோலரைப் பிடித்துக்கொண்டு ஆடுகிற கேம் பெட்டி. ஹர்ப்ரீத் கார் ரேஸ் ஆடுவாள். மாரிக்கனிக்கு அப்போது இந்தி சரியாக வராது. வளைவில் எங்கே வேகத்தைக் குறைக்க வேண்டும், எங்கே விட்டுப் பிடிக்க வேண்டும் என்பதற்கு இந்தி தேவைப்படவும் இல்லை. முதல் நாள் கார் சுவரில் போய் முட்டிக்கொண்டே இருந்தது. மழைக்காலம் முடிவதற்குள் ஹர்ப்ரீத்தைத் தோற்கடித்துவிட்டாள். இருவரும் சேர்ந்து கூச்சல் போட்டதில் மேல் வீட்டுக்காரர் இறங்கி வந்து கேட்டார், யாருக்காவது அடிபட்டுவிட்டதா என்று.

அந்த வருஷங்களில் அவளுக்கு வேறொரு ஓட்டமும் இருந்தது. பிள்ளைக்காக மிலிட்டரி ஆஸ்பத்திரிகளுக்கு ஓடிய ஓட்டம். எந்த ஊருக்கு மாற்றலானாலும் முதலில் அங்கே உள்ள ஆஸ்பத்திரி வராந்தாவைத்தான் பார்ப்பாள். ஊசி, மாத்திரை, பரிசோதனை, மறுபடியும் முதலிலிருந்து. கடைசியில் ஒரு காலையில், கிளம்ப வேண்டிய நேரத்தில், இருவரும் உடை மாற்றாமல் கட்டிலில் உட்கார்ந்தே இருந்தார்கள்.

"போதும்ட்டி" என்றார் விஜயபாண்டி.

"போதும்ங்க" என்றாள் அவள்.

அன்றைக்கு இருவரும் சினிமாவுக்குப் போய்விட்டு, வெளியே சாப்பிட்டுவிட்டு வந்தார்கள். அவர்களைப் பொறுத்தவரை விஷயம் அத்தோடு முடிந்தது. ஊரைப் பொறுத்தவரைதான் முடியவில்லை. லீவில் வரும்போதெல்லாம் "எத்தன பிள்ளைக?" என்று கேட்பார்கள். "இல்ல" என்றதும் நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி ஒரு 'ச்சு' கொட்டுவார்கள். கேள்வியைவிட அந்த 'ச்சு' அவளுக்கு எரிச்சலாக இருக்கும்.

விஜயபாண்டி ஓய்வு பெற்று ஊருக்குத் திரும்பும்போது அவர்களுக்கென்று ஒரு கேம் பெட்டி வாங்கினார்கள். ரயிலில் கம்பளிக்குள் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். அது பழசாகிப்போன பிறகு அடுத்ததும் வாங்கிவிட்டார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில், வன்னியம்பட்டி போகிற பக்கம் ஒரு வீடு கட்டிக் குடியேறினார்கள். அவருக்கு ராஜபாளையத்தில் ஒரு ஸ்பின்னிங் மில்லில் செக்யூரிட்டி வேலை. அவளுக்கு உரக்கடையில் பில் போடுவது. சாயங்காலம் கடையிலிருந்து வந்து, குழம்பை இறக்கி வைத்துவிட்டு, செத்த நேரம் கார் ஓட்டுவாள். இமயமலைச் சாலையில் லாரி ஓட்டிய விஜயபாண்டியும் ஒன்றிரண்டு தடவை கண்ட்ரோலரைக் கையில் எடுத்துப் பார்த்தார். முதல் வளைவிலேயே கார் பள்ளத்தில் போய் விழுந்தது. "இதுல ரோடே தெரியல, என்னத்த ஓட்ட?" என்று கொடுத்துவிட்டு பேப்பர் படிக்கப் போய்விட்டார்.

அவருடைய அக்கா அங்காளம்மாள் தேவதானத்தில் இருந்தார். போகிற இடத்திலெல்லாம் அவர் சொல்லுவார்: "பாவம், பிள்ளை இல்லாத குறைக்கு அதப் போட்டு ஆடிக்கிட்டு இருக்கா." பரிவாகத்தான் சொல்லுவார். அந்தப் பரிவுதான் மாரிக்கனியைச் சுடும். ஆண்கள் ஊர்ப் பொது மந்தையில் உட்கார்ந்து பொழுதெல்லாம் சீட்டாடுகிறார்கள். எந்தக் குறைக்கு ஆடுகிறீர்கள் என்று அவர்களை யாராவது கேட்டார்களா? அவளுக்குப் பிடித்திருந்தது, அதனால் ஆடினாள். இதற்கு மேல் ஒரு காரணம் ஏன் வேண்டும் என்று அவளுக்குப் புரியவே இல்லை.

பழைய டிவி சின்னது. திரையில் வரும் எழுத்தைப் படிக்கக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுந்து போக வேண்டியிருந்தது. ஆடித் தள்ளுபடியில் ராஜபாளையம் தென்காசி ரோட்டு ஷோரூமில் ஒரு பெரிய டிவி பார்த்தார்கள். ஃபோர்-கே டிவி, பழைய டிவியைவிடப் பல மடங்கு தெளிவாகப் படம் வரும் என்றார்கள்.

"கேம் பெட்டிய இதுல மாட்டினா ஃபோர்-கேயிலயே வருமா?" என்று மாரிக்கனி கேட்டாள்.

மேலாளர் காமராஜ் விஜயபாண்டியைப் பார்த்துப் பதில் சொன்னார்: "சார், பையன் கேம் ஆடணும்னா இத விட நல்ல டிவி கிடையாது சார்."

அப்போதே அவளுக்குச் சுருக்கென்றது. ஆனால் திரையில் ஓடிக்கொண்டிருந்த காட்டில் ஒவ்வொரு இலையும் தனித்தனியாகத் தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டே பேசாமல் இருந்துவிட்டாள்.

டிவி வந்து சுவரில் ஏறியது. ஆட்கள் போனதும் மாரிக்கனி கேம் பெட்டியின் வயரை எடுத்து டிவியின் பின்னால் சொருகினாள். படம் வந்தது. வந்த படத்தைப் பார்த்து அவளே "அடேயப்பா" என்றாள். ரோட்டோரப் புல்லில் ஈரம் தெரிந்தது. காரை எடுத்து முதல் வளைவுக்குப் போவதற்குள் திரை இருண்டது. 'சிக்னல் இல்லை' என்று ஒரு வரி வந்தது. கொஞ்சம் பொறுத்துப் படம் மறுபடியும் வந்தது. மறுபடியும் போனது. சத்தம்கூட இல்லாமல் கறுப்பாக நின்றது.

அவள் டிவி கம்பெனியின் எண்ணைக் கூப்பிட்டாள். ஒரு பெண் எடுத்தாள்.

"மேம், வீட்ல பசங்க யாராவது இருந்தா போனைக் குடுங்க. அவங்களுக்குச் சொன்னா ஈசியா புரியும்."

"பசங்க இல்ல. எனக்குச் சொல்லும்மா, நான் செய்யுதேன்."

"இல்ல மேம், கேம் செட்டிங் எல்லாம் அவங்களுக்குத்தான் தெரியும். ஸ்கூல் விட்டு வந்ததும் கூப்பிடச் சொல்றீங்களா?"

மாரிக்கனி போனை வைத்துவிட்டாள்.

அதன் பிறகு நடந்தது ஒரு பந்தாட்டம். கேம் பெட்டிக் கம்பெனியைக் கூப்பிட்டால் டிவியில் கோளாறு என்றார்கள். டிவி கம்பெனியை மறுபடியும் கூப்பிட்டால் கேம் பெட்டியில் கோளாறு என்றார்கள். ஷோரூமில் வயர் சரியில்லை என்றார்கள். தெருவில் ஒயரிங் வேலை பார்க்கிற கருத்தையா, கேட்காமலே வந்து எட்டிப் பார்த்து, "லோ வோல்டேஜ்க்கா" என்று சொல்லிவிட்டுப் போனார். இவர்களில் ஒருவர்கூட, படம் எப்போது போகிறது, எதை மாற்றினால் போகிறது என்று கேட்கவில்லை. மாரிக்கனி உரக்கடையில் கூட வேலை பார்க்கும் ஞானபாக்கியத்திடம் சொல்லிச் சொல்லி மாய்ந்தாள்: "செடி எப்ப வாடுச்சு, இலை எந்தப் பக்கம் சுருண்டுச்சுன்னு கேக்காம நாம மருந்து குடுத்தா, வெள்ளாமக்காரன் செருப்பக் கழட்ட மாட்டானா?"

கேட்க ஆளில்லாததால் அவளே பார்க்கத் தொடங்கினாள். வயர் என்றார்களே, ஃபோர்-கேக்கு உரியது என்று அட்டையில் போட்டிருந்த புது வயரை வாங்கி மாட்டினாள். இருட்டுதான். டிவியின் பின்னால் இருந்த அடுத்த ஓட்டையில் சொருகினாள். அதிலும் இருட்டுதான். டிவியின் புத்தகத்தைப் படித்து, பெரிய படத்தை வாங்கிக்கொள்வதற்கென்று ஒவ்வொரு ஓட்டைக்கும் தனியாக ஒரு செட்டிங் இருக்கிறது, அதை நாம்தான் திறந்துவிட வேண்டும் என்று கண்டுபிடித்தாள். திறந்துவிட்டாள். அதற்கும் மசியவில்லை.

திரையே தெரியாதபோது கேம் பெட்டியின் செட்டிங்கை எப்படி மாற்றுவது? அதற்கும் ஒரு வழி இருந்தது. பவர் பொத்தானை அழுத்தி, முதல் 'பீப்' சத்தத்தில் விட்டுவிடாமல், இரண்டாவது 'பீப்' வரும் வரை பிடித்திருந்தால், பெட்டி தன் வேலையெல்லாம் குறைத்துக்கொண்டு, எந்த டிவியும் காட்டக்கூடிய சின்னப் படத்தில் எழுந்து வரும். அப்படி எழுப்பினாள். படம் இருளாமல் நின்றது. ஆனால் கண்ட்ரோலரில் எதை அழுத்தினாலும் ஒன்றும் நகரவில்லை. ஒரு சாயங்காலம் முழுக்க அதோடு மல்லுக்கட்டி, கண்ட்ரோலரும் போய்விட்டது என்றே நினைத்து, வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டிவிட்டுப் படுத்துவிட்டாள். மறுநாள்தான், அந்த நிலையில் கண்ட்ரோலரை வயர் போட்டுப் பெட்டியோடு சேர்க்க வேண்டும் என்று தெரிந்தது. "நம்மளும் லேசுப்பட்ட ஆளில்ல, போ" என்று தலையில் தட்டிக்கொண்டாள்.

வயரைச் சேர்த்து, படத்தை ஃபோர்-கேயிலிருந்து ஒரு படி இறக்கி வைத்தாள். எவ்வளவு நேரம் ஆடினாலும் படம் போகவில்லை. மறுபடியும் ஃபோர்-கேக்கு ஏற்றினாள். முதல் வளைவு வருவதற்குள் இருட்டு. இப்போது அவளுக்கு விஷயம் தெளிவாகிவிட்டது. கோளாறு வயரில் இல்லை, வோல்டேஜிலும் இல்லை. பெட்டி பெரிய படத்தைச் சரியாக அனுப்பவில்லை, அல்லது டிவி அதைச் சரியாக வாங்கவில்லை. இரண்டில் ஒன்று. இதைச் சொல்லத்தான், டிவி கம்பெனியில் புகார் பதிந்துவிட்டு, அவள் மெக்கானிக்குக்காகக் காத்திருந்தாள்.

ஆடிப்பூரத் தேருக்கு அங்காளம்மாள் வந்து தங்கியிருந்த சமயத்தில் மெக்கானிக் பாண்டிதுரை வந்தான். இளவயதுக்காரன், சுறுசுறுப்பாக இருந்தான். செருப்பைக் கழற்றும்போதே கேட்டான்: "பையன் எங்கக்கா, ஸ்கூலா?"

"பையன் இல்ல."

"பாப்பாவா?"

"பாப்பாவும் இல்ல."

"பொறவு யாருக்கா ஆடுறது?"

"நாந்தான்."

பாண்டிதுரை சிரித்தான். கெட்ட சிரிப்பு இல்லை. பெரியவர்கள் விளையாட்டாகச் சொல்வதைக் கேட்டுச் சிரிப்பது போன்ற சிரிப்பு. மாரிக்கனி தான் பார்த்ததையெல்லாம் வரிசையாகச் சொல்ல ஆரம்பித்தாள். அவன் "சரிக்கா, சரிக்கா" என்று தலையை ஆட்டிக்கொண்டே கேம் பெட்டியின் வயரைப் பிடுங்கி, அதே ஓட்டையில் கேபிள் டிவி பெட்டியைச் சொருகினான். செய்தி ஓடியது. பிறகு ஒரு பென் டிரைவைப் போட்டான். அருவி ஒன்று பளபளவென்று கொட்டியது.

"பாத்தீங்களாக்கா? டிவி சூப்பரா இருக்கு."

"கேபிள் பொட்டி சின்னப் படந்தான் அனுப்புது தம்பி. பென் டிரைவ் வேற ஓட்டை வழியா வருது. வயர் ஓட்டை வழியா ஃபோர்-கே வந்தாத்தான் போகுது. அதத்தான் நான் அப்பல இருந்து..."

"அக்கா, இந்த கேம் பொட்டியெல்லாம் பிள்ளைக கீழ போட்டுருங்க, வயரப் புடிச்சு இழுத்துருங்க. உள்ள போயிரும். வெளிய தெரியாது." யாரும் கீழே போடவில்லை என்று அவள் சொன்னதைக் காதில் வாங்காமல் அவன் போனில் ஏதோ தட்டினான். "கேம் கம்பெனில குடுத்துப் பாருங்க."

காபிகூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டான். அவன் வண்டிச் சத்தம் தெருமுனையைத் தாண்டுவதற்குள் மாரிக்கனியின் போனுக்கு ஒரு செய்தி வந்தது. 'தங்கள் புகார் முடிக்கப்பட்டது. காரணம்: குழந்தைகள் கையாண்டதால் ஏற்பட்ட பழுது. வாரண்டி பொருந்தாது.'

அவள் அதை வாய்விட்டுப் படித்தாள். அங்காளம்மாள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, "பக்கத்து வீட்டுப் பிள்ளைக எதுவும் தொட்டுச்சோ என்னவோ" என்றார்.

"எந்தப் பிள்ளையும் தொடல, மதினி."

"இல்ல, உனக்குத் தெரியாம..."

"மதினி." மாரிக்கனியின் குரல் தரையோடு தரையாக இருந்தது. "இந்த வீட்டுல பிள்ளை இல்லன்னு இம்புட்டு வருசமா நீங்க ஊரெல்லாம் சொல்லிட்டீய. இன்னைக்கு ஒருத்தன் இருக்குன்னு எழுதிட்டுப் போறான். அதுவும் சாமானை ஒடைக்கிற பிள்ளை. ரெண்டுல எதையாவது ஒண்ணச் சொல்லுங்க."

அங்காளம்மாள் முறத்தைக் கீழே வைத்தார். சிதறின அரிசியைப் பொறுக்க ஆரம்பித்தார்.

ராத்திரி சாப்பாட்டின்போது விஜயபாண்டி, "விடுட்டி. ஒரு படி இறக்கி வச்சா ஓடுதுங்கியல்லா, ஆடிட்டுப் போ" என்றார்.

"ஓடுது. ஓடட்டும். அந்த டிவிய ஃபோர்-கேன்னு சொல்லித்தான் வித்தான். அதுகூட இருக்கட்டும். என்ன எழுதிருக்கான் பாத்தியளா?"

அவர் படித்தார். மறுபடியும் ஒரு முறை படித்தார். சோற்றைப் பிசைந்த கை நின்றது. அந்த ஆஸ்பத்திரி வராந்தாக்களில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் அவர்தானே.

"ஞாயித்துக்கிழமை போவம்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை மாரிக்கனி கேம் பெட்டியைத் துண்டில் சுற்றிக் கட்டைப்பையில் வைத்தாள். வயர், கண்ட்ரோலர் எல்லாம் எடுத்துக்கொண்டாள். பெட்டியா டிவியா என்று தெரிய வேண்டுமானால், இதே பெட்டியை இதே வயரோடு இன்னொரு ஃபோர்-கே டிவியில் மாட்டிப் பார்க்க வேண்டும். அவள் வாங்கிய அதே மாடல் ஷோரூம் சுவரில் ஓடிக்கொண்டிருக்கிறது. இதற்கு மெக்கானிக் எதற்கு?

ஷோரூமில் கூட்டம். காமராஜ் விஜயபாண்டியைக் கண்டதும் கும்பிட்டார். "வாங்க சார். சொல்லுங்க சார்."

"எனக்கு இதுல ஒண்ணும் தெரியாது. அவ கிட்டக் கேளுங்க" என்று விஜயபாண்டி ஒரு நாற்காலியில் போய் உட்கார்ந்துவிட்டார்.

மாரிக்கனி விஷயத்தைச் சொன்னாள். கேட்டு முடிப்பதற்குள்ளேயே காமராஜ் மறுபடியும் நாற்காலிப் பக்கம் திரும்பினார். "சார், சர்வீஸ்ல பாத்து குளோஸ் பண்ணிட்டாங்க சார். நாங்க ஒண்ணும் செய்ய முடியாது. பசங்க ஆடுற சாமான்ல..."

"இங்க பாத்துப் பேசுங்க" என்றாள் மாரிக்கனி, மிக மெதுவாக.

காமராஜ் பார்த்தார்.

"அந்த டிவில இத மாட்டணும்."

"அது டெமோ டிவிம்மா. வெளிச் சாமான் மாட்டக் கூடாது."

"வெளிச் சாமான் மாட்டக் கூடாதுன்னா வீட்டுக்கு எதுக்கு வாங்குறது? சுவத்துல தொங்கவிட்டுச் சூடம் காட்டவா? அஞ்சு நிமிசம். இதுல படம் போச்சுன்னா பொட்டில கோளாறு, நான் பேசாம பஸ் ஏறிப் போறேன். படம் போகாம நின்னுச்சுன்னா நீங்க வித்த டிவில கோளாறு. பயமா இருந்தாச் சொல்லுங்க, இங்க இருக்க எல்லார்கிட்டயும் நான் வேற மாதிரிச் சொல்லிட்டுப் போறேன்."

வாடிக்கையாளர்கள் திரும்பிப் பார்க்க ஆரம்பித்திருந்தார்கள். காமராஜ் ஒதுங்கி வழிவிட்டார்.

அவளே டிவியின் பின்னால் கையை விட்டு வயரைச் சொருகினாள். செட்டிங்கைத் திறந்துவிட்டாள். பெட்டியில் படத்தை ஃபோர்-கேக்கு ஏற்றினாள். மலைப்பாதை வந்தது. காரை எடுத்தாள். முதல் வளைவு தாண்டியது. இரண்டாவது தாண்டியது. படம் போகவில்லை. சோதனைக்கு அவ்வளவே போதும். ஆனாலும் அவள் நிறுத்தவில்லை. இத்தனை நாள் வீட்டில் இருட்டில் போய் முட்டிய கார் அங்கே சீறிக்கொண்டு போனது. பின்னால் ஒரு வயதான அம்மா தன் கணவரிடம், "சூடண்டி, பாருங்க, ஆ அம்மா ஆடுது!" என்று தெலுங்கும் தமிழுமாகச் சொல்வது கேட்டது. மாரிக்கனி திரும்பவில்லை. பந்தயம் முடிந்து முதலாவதாக வந்த பிறகுதான் கண்ட்ரோலரைக் கீழே வைத்தாள்.

"இப்ப அந்த மெக்கானிக்கக் கூப்பிடுங்க" என்றாள்.

பாண்டிதுரை ராஜபாளையத்திலேயே எங்கோ வேலையாக இருந்தான். வந்தவன், ஓடிக்கொண்டிருந்த படத்தையும் மாட்டியிருந்த பெட்டியையும் பார்த்தான். அவனுக்கு உடனே விளங்கிவிட்டது. முகம் சுருங்கியது.

"டிவில வயர் சேருற போர்டு போயிருக்கும்க்கா. ரெண்டு ஓட்டையும் அதுலதான் வருது. மாத்திரலாம்."

"அது கெடக்கட்டும்." அவள் போனை எடுத்து நீட்டினாள். "இதப் படி."

அவன் படிக்கவில்லை. அவனுக்கே தெரியும்.

"எந்தக் குழந்தை?"

"அக்கா, அது வந்து... போன்ல அமுக்குறதுக்கு அஞ்சாறு காரணந்தான் இருக்கும். கேம் பொட்டின்னா நாங்க அதத்தான் அமுக்குவோம். எல்லா வீட்டுக்கும் அப்படித்தான்..."

"நான் ஆடுறேன்னு உன் கிட்டச் சொன்னனா இல்லையா?"

"சொன்னீங்க."

"கீழ போடலன்னு சொன்னனா இல்லையா?"

"சொன்னீங்கக்கா."

"எனக்குப் பிள்ளை இல்ல." ஷோரூமில் அத்தனை டிவியும் சத்தம் குறைத்து ஓடிக்கொண்டிருந்ததால், மெல்லச் சொன்னதும் எல்லார் காதிலும் விழுந்தது. "பொறக்கல. அதச் சொல்ல எனக்கு வெக்கமும் இல்ல, வருத்தமும் இல்ல. ஆனா இல்லாத பிள்ளை மேல பொய்ப் பழி போட உனக்கு யாரு அதிகாரம் குடுத்தா?"

கூட்டத்தில் யாரோ 'ச்சு' கொட்டினார்கள்.

மாரிக்கனி அந்தப் பக்கம் திரும்பினாள். "அதுக்கு ஒண்ணும் 'ச்சு' கொட்ட வேண்டாம். டிவி கெட்டுப்போனதுக்குக் கொட்டுங்க."

விஜயபாண்டி நாற்காலியை விட்டு எழுந்து வந்து அவளுக்குப் பக்கத்தில் நின்றார். காமராஜ் இந்த முறை அவர் பக்கம் திரும்பவில்லை.

"அம்மா, தப்புதான்ம்மா" என்றார். "டிவியையே மாத்தித் தந்துர்றோம். நான் கம்பெனில பேசிக்கிடுதேன்."

"மாத்துங்க. அதுக்கு முன்ன அந்த எழுத்த அழிங்க."

அதுதான் நடக்காது என்றார்கள். முடித்த புகாரைக் கம்பெனியின் மேலிடத்தில் பூட்டிவிடுவார்களாம், அதில் யாரும் கை வைக்க முடியாதாம். பாண்டிதுரை போனைக் காட்டி, எந்தப் பொத்தானும் இல்லை என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னான். ஒரு பொய்யை எழுத ஒரு தட்டு போதும், அழிக்க வழியே கிடையாதா? அவளுக்கு நம்பவே முடியவில்லை. கடைசியில், புதிதாக ஒரு புகாரைத் திறந்து, மெக்கானிக் தன் சொந்த வார்த்தையில் எழுதுவதற்கென்று கீழே இருந்த இடத்தில் அவனை எழுத வைத்தாள். அவன் தட்டியதை நிறுத்தி நிறுத்தி வாசித்துக் காட்டினான்: "டிவியின் உள்பலகையில் பழுது. வாடிக்கையாளரின் கேம் பெட்டி நல்ல நிலையில் உள்ளது."

"இன்னொண்ணும் சேரு. 'குழந்தைகள் யாரும் கையாளவில்லை.'"

அவன் சேர்த்தான். அனுப்பும் முன் தயங்கி, "தப்பா நெனைக்காதீங்கக்கா. எங்க அம்மாவே டிவி ரிமோட்டத் தொட மாட்டாங்க. அதான் நான்..." என்று இழுத்தான்.

"உங்க அம்மா தொடலன்னா எல்லாரும் தொடக்கூடாதா?" என்றாள் அவள். ஆனால் அதை முன்னைவிடச் சற்று உரக்கவே கேட்டாள்.

மாற்று டிவி அந்த வார நடுவில் வந்து சேர்ந்தது. பழுதானதைக் கழற்றிக் கொண்டுபோனார்கள். இந்த முறை படம் இருளவில்லை. கம்பெனிக்கு அவள் ஒரு மின்னஞ்சல் போட்டாள்: பழைய புகாரில் இருக்கும் பொய்யை நீக்க வேண்டும், அமுக்குகிற காரணங்களில் 'வாடிக்கையாளர் சொன்னதைக் கேட்கவில்லை' என்று ஒன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று. தங்கள் கருத்துக்கு நன்றி என்று பதில் வந்தது. அந்தப் பதில் அவளை இன்னும் கொஞ்ச நாள் கொதிக்க வைத்தது.

டிவி வந்துவிட்டதா என்று கேட்டு அங்காளம்மாள் தேவதானத்திலிருந்து கூப்பிட்டார். மாரிக்கனி ஷோரூமில் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். அங்காளம்மாள் நடுவில் குறுக்கிடாமல் கேட்டார். முடிந்ததும், "அந்த மெக்கானிக்கு மூஞ்சில ரெண்டு வச்சிருக்கணும் நீ" என்றார். பிறகு கொஞ்சம் இறங்கிய குரலில், "ஆனா அம்புட்டுப் பேரு முன்னால அதச் சொல்லிருக்க வேண்டாம்ட்டி."

"எத மதினி?"

"பிள்ளை இல்லன்னு."

"ஏன்? நான் என்ன களவாண்டுட்டா வந்தேன், ஒளிச்சு வைக்கதுக்கு?"

அந்தப் பக்கம் ஆடுகள் கத்துவது கேட்டது.

"இல்லதான்" என்றார் அங்காளம்மாள் மெல்ல. அங்கே மழை உண்டா என்று மாரிக்கனி கேட்டாள். சேத்தூர்ப் பக்கம் நல்ல மழை, கண்மாய்க்குத் தண்ணீர் வந்திருக்கிறது என்று அவர் சொல்ல ஆரம்பித்தார்.